அரிசிக்குக் கோதுமை

பாய்,

இன்று காலை மிஷினுக்குப் போய்க் கோதுமை அரைத்துக்கொண்டு வந்தேன். தகர டப்பாவை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மாட வீதியில் நடக்கும்போது மாவின் சூடு சட்டையைத் தாண்டி உடம்பில் பட்டது. மூடியை எவ்வளவு அழுத்தி மூடினாலும் புதிதாக அரைத்த மாவின் வாசனை வெளியே வந்துவிடுகிறது. மாதம் இரண்டு முறை வருகிற வாசனைதான். இன்றைக்கு என்னவோ, குளத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தெரிந்தவர் ஒருவர், "இன்னா சார், மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் சுதந்திரம் வந்தது. என் பேத்திக்குப் பல் விழுந்து முளைத்தது. எனக்கு அறுபத்திரண்டு முடிந்தது. என் இடது காலில் ஐந்து விரலும் இருக்கின்றன. குளிக்கும்போது அவற்றைத் தேய்த்துக் கழுவுகிற ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைப்பேன். எழுத்து எனக்குப் புதிதல்ல. முப்பது வருஷம் ஆபீசில் கடிதமும் விண்ணப்பமும் எழுதி எழுதியே, உட்கார்ந்த இடத்தில் தொந்தியையும் வியாதியையும் வளர்த்துக்கொண்டவன் நான். இந்தக் கடிதத்தை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். காரணம், இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் காலைக் காப்பாற்றிய கோதுமை, உங்கள் காலுக்கு வேண்டியிருந்த கோதுமை. அது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று மூன்று வருஷமாக எனக்கே சமாதானம் சொல்லிவந்தேன். தெரிந்துகொள்ளவில்லை என்று சொல்வதுதான் நியாயம்.

நான் முதன்முதலில் உங்கள் கடைக்கு வந்தது ரேஷன் ஏற்பட்ட புதிதில். யுத்தத்தின் கைங்கரியத்தால் கோட்டுத் துணி எந்தக் கடையிலும் கண்ணில் படவில்லை. என் தங்கை மகனுக்குக் கல்யாணம். பழைய கோட்டையே பிரித்துத் திருப்பித் தைத்துவிட்டால் வெளுத்த பக்கம் உள்ளே போய்ப் புதுப் பக்கம் வெளியே வந்துவிடும் என்று என் வீட்டுக்காரி யோசனை சொன்னாள். ராயப்பேட்டையில் ஒரு பாய் இந்த வேலையில் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டு, இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து சேர்ந்தேன். ஒரு தையல் மிஷின், ஒரு பெஞ்சு, பின்னால் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் உங்கள் வீடு.

நான் கோட்டை நீட்டினேன். நீங்கள் என் காலைப் பார்த்தீர்கள்.

"இன்னா சார், வெரல்ல கட்டு? எத்தினி நாளா?"

"ஒரு மாசமா ஆறல, பாய்."

"சக்கரயா?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. லஸ்ஸில் இருந்த டாக்டர் முந்தின வாரம்தான் என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் மருந்தோடு காய்ச்சி, நீலம் செங்கல் நிறமாக மாறியதைக் காட்டியிருந்தார். "சோற்றை விட்டால் கால் நிற்கும். விடாவிட்டால் விரலில் ஆரம்பித்து மேலே மேலே வெட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும்" என்று அவர் சொன்னதை நான் என் மகனிடம்கூடச் சொல்லவில்லை. பார்த்த மாத்திரத்தில் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். பத்துப் பேருக்கு அளவெடுக்கிற கண், அதனால் உடம்பின் கோளாறும் தெரிகிறது என்று நான் முடிவு கட்டினேன். "கண்ணாலேயே வைத்தியம் பண்றீங்களே" என்று உங்களை மெச்சவும் செய்தேன். முப்பது வருஷம் ஆபீசில் மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடித்தவனுக்கு, இதில் ஒரு சந்தேகம் எழவில்லை பாருங்கள்.

"வெரல் ஆர்ற வரிக்கும் வாயக் கட்டுங்க. ஆறினப்புறம் கால அவுத்து உடுங்க, தெனம் நடக்கலாம்" என்றீர்கள். வாயைக் கட்டுவது எப்படி? அதுதான் என் கஷ்டம். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சோறு. கார்டில் அரிசியோடு கொஞ்சம் கோதுமையும் போடுவார்கள். மருமகள் அதை உடைத்துக் குழந்தைகளுக்கு உப்புமாக் கிண்டிவிடுவாள். குழந்தைகள் தட்டிலிருந்து பிடுங்கித் தின்கிற அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை. கடைத்தெருவில் கோதுமை மருந்துக்கும் கிடையாது. இதையெல்லாம் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து புலம்பினேன். நீங்கள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"எங்க ஊட்ல கோதும ஒத்துக்கறதில்ல, முதலியாரே. போடறது அப்டியே கெடக்குது. நீங்க உங்க பங்கு அரிசியக் குடுங்க. நா கோதும தரேன். படிக்குப் படி."

எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், சர்க்கார் பயம் ஒரு பக்கம். ரேஷன் தானியத்தைக் கைமாற்றுவது விதிக்கு உட்பட்டதுதானா என்று கேட்டேன். பென்ஷன் வாங்குகிறவன் கேட்க வேண்டிய கேள்விதானே? நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "நா துண்றத நீங்க துண்றீங்கோ, நீங்க துண்றத நா துண்றேன். சர்க்காருக்கு இதுல இன்னா நஷ்டம்?" என்றீர்கள். அந்த வெள்ளிக்கிழமையே ஆரம்பமாயிற்று. நான் ஒரு பை அரிசி கொண்டுவருவேன். நீங்கள் உள்ளே குரல் கொடுப்பீர்கள். திரைக்குக் கீழே ஒரு கை கோதுமைப் பையைத் தள்ளும். அந்தக் கை அரிசிப் பையை இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பில் ஒரு அவசரம் இருந்தது. இப்போது நினைத்தால் தெரிகிறது.

கோதுமை கிடைத்துவிட்டது. அதை என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரி முதல் நாள் சுட்ட சப்பாத்தியைக் கடித்தால் பல் போயிருக்கும், எறிந்திருந்தால் ஆள் விழுந்திருப்பான். மறுநாள் உங்களிடம் வந்து முறையிட்டேன். கொதித்த தண்ணீர் விட்டுப் பிசைய வேண்டும், காது மடல்போல் மெத்தென்று வருகிறவரைக்கும் விடக்கூடாது, ஈரத்துணி போட்டு மூடி வைக்க வேண்டும், எண்ணெயைக் கண்ணில் காட்டினால் போதும் என்று வரிசையாகச் சொன்னீர்கள். தொட்டுக்கொள்ளக் கீரை, வாழைத்தண்டு, அவரைக்காய், பாகற்காய். உருளைக்கிழங்கு பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. நான் எல்லாவற்றையும் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டுபோய் வீட்டில் வாசித்தேன். "நான் முப்பத்தஞ்சு வருசமா இதைச் சாப்பிடாதீங்க, அதைச் சாப்பிடாதீங்கன்னு சொன்னேன், காதுல ஏறல. உங்க பாய் சொன்னா வேதவாக்கு" என்றாள் அவள். ஆனால் சொன்னபடியே செய்தாள். மூன்றாம் மாதம் விரல் ஆறிவிட்டது. டாக்டர் குழாயைக் காய்ச்சினால் நீலம் நீலமாகவே இருந்தது.

பிறகு நடை. நீங்கள் விடியற்காலைச் சுபுஹு தொழுதுவிட்டு ராயப்பேட்டையிலிருந்து வருவீர்கள். நான் லஸ் முனையில் நிற்பேன். கச்சேரி ரோடு வழியாகச் சாந்தோம் கடற்கரைக்குப் போய், மணலில் கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வருவோம். கட்டுமரம் கரையேறுகிற நேரம். கூடையோடு காத்திருக்கிற ஒரு அம்மாள் நம் இரண்டு பேரையும் விடமாட்டாள். "இன்னா நைனா, ரெண்டு பேரும் தெனமும் எத்தத் தேடிக்கினு வர்றீங்கோ?" என்பாள். "போன வயசத் தேடிக்கினு வர்றோம்மா, கண்டா சொல்லு" என்பீர்கள் நீங்கள். மீன் கூடையைக் கண்டால் ஒதுங்கிப் போகிற சைவ முதலியார் நான். அந்த அம்மாள் சிரிக்கும்போது நின்று சிரிக்கப் பழகினேன்.

மணலில் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வேன். நீங்கள் ஒரு நாளும் கழற்ற மாட்டீர்கள். செருப்பில் மணல் புகுந்து அடிக்கொரு தரம் நின்று தட்டுவீர்கள். "மணல்ல நடக்கறதுக்குச் செருப்பு எதுக்கு, பாய்? நவாப் பரம்பரையா?" என்று கேலி செய்தேன். "நீங்களும் போட்டுக்கோங்க, முதலியாரே. கிளிஞ்சல் கிழிச்சா சக்கர ஒடம்புல ஆறாது" என்றீர்கள். எனக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். வழியில் இருந்த குழாயைக் கண்டால் நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பீர்கள். போகிற வழியில் ஒரு தடவை, வருகிற வழியில் ஒரு தடவை ஓரமாக ஒதுங்குவீர்கள். இத்தனையும் என் டாக்டர் எனக்கு எண்ணிச் சொன்ன அடையாளங்கள். என் உடம்பில் அவற்றைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நடந்தவர் உடம்பில் பார்க்கவில்லை.

சிக்கனத்தில் நீங்கள் எனக்கு மேலே இரண்டு படி. நான் உடம்பு இளைக்க இளைக்க என் சட்டைகளையும் அந்தக் கோட்டையும் நீங்கள்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தீர்கள். வெட்டியெடுத்த துண்டுகளைக்கூட எறியாமல் தைத்துக் குழந்தைகளுக்குத் தொப்பியும் தலையணை உறையும் ஆக்கினீர்கள். எந்தக் குழந்தைகளுக்கு என்று நான் கேட்டிருக்கலாம். திரைக்குப் பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்கும். மகள் வந்திருக்கிறாள் என்று ஒரு தடவை சொன்னீர்கள். மாப்பிள்ளை ரங்கூனில் கடை வைத்திருந்தவர், குண்டு விழுந்த பிறகு தகவல் இல்லை என்று இன்னொரு தடவை சொன்னீர்கள். ஐயோ பாவம் என்றேன். அதற்குப் பிறகு வாழைத்தண்டைப் பற்றிப் பேசினோம்.

உங்கள் சட்டை உங்கள் உடம்பில் தொளதொளவென்று ஆனபோது உங்களைப் பாராட்டினேன். அதை எழுதக் கை கூசுகிறது. "இந்த வயசுல உடம்பை எப்படிக் கச்சிதமா வெச்சிருக்கீங்க! அரைவயித்துச் சாப்பாட்டோட மகிமை" என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். அப்போது நான் மயிலாப்பூரில் பெரிய ஆரோக்கிய உபதேசியாகிவிட்டிருந்தேன். கோவில் பிராகாரத்தில் நாலு பேர் சேர்ந்தால் போதும், இடது காலை நீட்டிக் காட்டிப் பிரசங்கம் ஆரம்பித்துவிடுவேன். அளவாகச் சாப்பிடு, ஆசையை அடக்கு, டிராமை மற, நட. இதில் என் சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை. உங்களிடம் கேட்டதைத்தான் ஒப்பித்தேன். நீங்கள் அவற்றை எங்கே கேட்டீர்கள் என்று யோசிக்கவில்லை.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. அந்த மூன்று வருஷத்தில் நான் அந்தப் பச்சைத் திரையைத் தாண்டவில்லை. உங்கள் வீட்டுப் பெண்கள் கோஷா. அது பாதிக் காரணம். மீதிப் பாதி என்னுடையது. மாமிசம் சமைக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று வளர்ந்தவன். பெருநாளுக்கு நீங்கள் கொடுத்தனுப்புகிற வாழைப்பழத்தையும் கற்கண்டையும் மட்டும் வாங்கிக்கொள்வேன். கற்கண்டு எனக்கு ஆகாதென்று உங்களுக்குத் தெரியும். "ஊட்ல குடுங்க, நீங்க தொடாதீங்க" என்று சொல்லித்தான் கொடுப்பீர்கள். சமைத்த பண்டம் எதையும் நீட்டி என்னைச் சங்கடப்படுத்தியதில்லை. அந்த நாசூக்கு உங்களுக்கு இருந்தது. என்னுடைய ஆசாரமும் உங்களுடைய நாசூக்கும் சேர்ந்து, உங்கள் தட்டில் என்ன விழுகிறது என்று எனக்குத் தெரியாமலே செய்துவிட்டன.

அந்த வருஷம் நோன்பு மாதத்துக்கு முன்னாலேயே உங்கள் நடை நின்றது. லஸ் முனையில் நாலைந்து நாள் காத்திருந்து பார்த்தேன். பெருநாள் துணி குவிந்து கிடக்கிறது என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினீர்கள். எனக்குக் கோபம். என்னை நடக்கப் பழக்கிவிட்டு இவர் கழன்றுகொள்வதா? ஒரு மத்தியானம் உங்கள் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, நான் கொடுத்த உபதேசம் ஞாபகம் இருக்கிறதா, பாய்? உட்கார்ந்தே இருந்தால் இரத்தம் கெட்டுவிடும் என்றேன். காசு இன்றைக்கு வரும் நாளைக்குப் போகும், காலைப் போற்றுங்கள் என்றேன். சோம்பல் என்றுகூட ஒரு வார்த்தை சொன்னேன். நீங்கள் நோன்பு. வாய் வறண்டிருந்தது. மிஷினை மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டீர்கள். எப்போதும் இரண்டு காலாலும் மிதிக்கிறவர் அன்றைக்கு ஒரே காலால் மிதித்துக்கொண்டிருந்தீர்கள். இன்னொரு காலின்மேல் தைக்கிற துணி மலைபோல் விழுந்து கிடந்தது.

"பெருநாள் கழியட்டும், முதலியாரே. வந்துர்றேன்" என்றீர்கள்.

அன்றைக்கும் அரிசிப் பையைக் கொடுத்துவிட்டுக் கோதுமைப் பையை வாங்கிக்கொண்டுதான் போனேன்.

பெருநாள் கழிந்து அடுத்த வெள்ளிக்கிழமை வந்தால் கடை மூடியிருந்தது. எதிர்க்கடைக்காரர், உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார். அரிசிப் பையோடு அங்கே ஓடினேன். வார்டில் கடைசிக் கட்டில். உங்கள் வலது கால் பாதம் கறுத்துப் போயிருந்தது. செருப்பு வார் பட்டுப் புறப்பட்ட சின்னக் கொப்புளமாம். பக்கத்தில் நின்றிருந்த இளம் டாக்டர் அட்டையில் குறித்துக்கொண்டிருந்தார். நான் வந்து நின்றதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"டயாபடீஸ் எத்தனை வருஷமா?" என்று கேட்டார் டாக்டர்.

நீங்கள் போர்வையை இழுத்துக் காலை மூடினீர்கள். அவர் மறுபடி கேட்டார்.

"பத்து வருசமா கீது, சார்" என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

"அரிசியைக் குறைக்கச் சொல்லலியா யாரும்?"

"சொன்னாங்கோ."

டாக்டர் போன பிறகு நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மடியில் அந்தப் பை. எனக்குக் கோபம் வந்தது. "ஒத்துக்கலன்னு சொன்னீங்களே, பாய். உங்களுக்கு வேண்டிய மருந்தை எனக்குக் குடுத்துட்டு இப்படி வந்து படுத்துக்கினீங்களே" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொய் சொல்லல, முதலியாரே. புள்ளைங்களுக்கு ஒத்துக்கல" என்றீர்கள். மெதுவாக, விட்டுவிட்டு, அன்றைக்குத்தான் சொன்னீர்கள். மகளும் மூன்று குழந்தைகளும் உங்கள் கார்டில் இல்லை. அவர்கள் பெயர் வேலூர்ப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக் கார்டில் இருந்தது. அந்த வீட்டார் தானியம் அனுப்பவும் இல்லை, பெயரை நீக்கவும் இல்லை. ரேஷன் ஆபீசுக்கு இரண்டு தடவை போனீர்கள், இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேருக்கான தானியத்தில் ஆறு பேர். கோதுமைக் கஞ்சி குடித்தால் குழந்தைகளுக்கு வயிறு போயிற்று. அரிசி நொய்யைக் கஞ்சி காய்ச்சினால் ஒரு ஆழாக்கு அரிசி ஒரு வேளைக்கு எல்லாருக்கும் வந்தது. நீங்களும் அந்தக் கஞ்சியையே குடித்தீர்கள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அரிசியச் சும்மாவே குடுத்திருப்பேனே!"

"தெரியும். அத்தொட்டுத்தான் சொல்லல."

அதோடு கண்ணை மூடிக்கொண்டீர்கள். சிறிது நேரம் கழித்து, "உங்க வெரல் எப்டி கீது?" என்று கேட்டீர்கள். செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக் காட்டினேன். ஒரு விரல் விடாமல் தொட்டுப் பார்த்தீர்கள்.

முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஆறாம் நாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது. உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் பின்னால் நடந்து வந்தேன். தோள் கொடுக்கலாமா, கூடாதா என்று தெரியாமல் தயங்கினேன். யாரோ என் கையைப் பிடித்து இழுத்து இடம் விட்டார்கள். பாரம் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு இளைத்துப் போயிருந்தீர்கள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சின்னப் பிள்ளைபோல் அழுதேன்.

பத்து நாள் கழித்து வெள்ளிக்கிழமை அரிசிப் பையோடு உங்கள் கடைக்கு வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து உங்கள் மகள் பேசினாள். அதுவரை அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"குடுக்கறதுக்குக் கோதும இல்லீங்க. இருக்கறத அம்மாவுக்கு வெச்சிருக்கோம்."

"வேண்டாம்மா. இது சும்மா எடுத்துக்கோ."

"அத்தா ஒத்துக்கமாட்டாரு" என்றாள். உள்ளே யாரோ விம்முவது கேட்டது. "மிஷின் எனக்குத் தெரியும். உங்க ஊட்டுத் துணி கொண்டாந்து குடுங்க. தெச்சுக் குடுத்துட்டு வாங்கிக்கறேன்." சரி என்றேன். பெரிய பெண் குழந்தை ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து என் முன்னால் வைத்தது. அவர்கள் எனக்குச் சமைத்த பண்டம் நீட்டியது அதுதான் முதல் தடவை. உங்கள் நாசூக்கு அந்தக் குழந்தைக்கு இல்லை, நல்லவேளை. நான் குடித்தேன். உப்புப் போட்ட வெறும் நொய்க்கஞ்சி. மூன்று வருஷம் நீங்கள் குடித்தது.

அங்கேயே ஒரு தாள் வாங்கி விண்ணப்பம் எழுதினேன். மருமகன் காணாமல் போனது, மகள் தகப்பன் வீட்டில் இருப்பது, பெயர்களை வேலூர்க் கார்டிலிருந்து நீக்கி இங்கே சேர்க்க வேண்டுவது. அரைத் தாள்கூட வரவில்லை. எந்த ஆபீசில் எந்த மேஜைக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் வாரம் நாலு பெயரும் உங்கள் வீட்டுக் கார்டில் ஏறிவிட்டன. மூன்று வருஷம் உங்கள் பக்கத்தில் நடந்தேனே, பாய். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு காலை வேளையில் நான் கேட்டிருந்தால், அடுத்த மாதமே உங்கள் கோதுமை உங்களுக்கு மிஞ்சியிருக்கும். என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதலாம். மன்னிக்க நீங்கள் இல்லை.

நான் இன்னும் நடக்கிறேன். கடற்கரையிலும் செருப்பைக் கழற்றுவதில்லை. அந்த மீன்கார அம்மாள் ஒரு மாதம் வரைக்கும் "இன்னொரு நைனா எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொன்னபோது கூடையை இறக்கி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிராகாரத்துப் பிரசங்கத்தை விட்டுவிட்டேன். யாராவது உடம்பைக் கச்சிதமாக வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இப்போது பாராட்டத் தோன்றுவதில்லை. பயமாக இருக்கிறது. எனக்கு இது ஒத்துக்காது, எனக்கு அது பிடிக்காது என்று யாராவது சொன்னால் லேசில் விடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தூண்டித் துருவிக் கேட்கிறேன். கிழவர் தொந்தரவு தாங்கவில்லை என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

இன்று மாவு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தபோது என் வீட்டுக்காரி அடுக்களையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நாளாகவே அவளுக்குக் கிறுகிறுப்பு. பித்தம் என்று சொல்லி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆண்பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் உட்காருவாள். நான் திண்டில் சாய்ந்து பேப்பர் படிப்பேன். ஊரெல்லாம் துருவித் துருவிக் கேட்டவன் என் வீட்டு அடுக்களையில் கேட்கவில்லை.

மத்தியானம் நான் சாப்பிடாமல் காத்திருந்தேன். எல்லாரும் எழுந்து போன பிறகு என் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "இன்னா இது கூத்து? மருமக பாத்தா சிரிப்பா, எழுந்திருங்க" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் தட்டைப் பார்த்தேன். அடிச்சட்டியில் ஒட்டியிருந்த சோறு ஒரு பிடி, அதில் நீர்மோர், ஓரத்தில் கீரைத்தண்டின் நார். "எனக்கு இதுதான் ஒத்துக்கும்" என்றாள்.

நான் என் தட்டிலிருந்த சப்பாத்திகளில் இரண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். வேண்டாம் என்றாள், உங்க காலுக்கு என்றாள். கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவள் ஒரு துண்டு பிய்த்து, கீரையில் தொட்டு, வாயில் போட்டு, அசைபோட்டுக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆறு வருசமாச் சுடறேன்" என்றாள். "இப்படி இருக்கும்னு தெரியாது."